செட்டும் ரன்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் அடங்கிவிடும் சொற்கள் இரண்டு: ‘செட்’, ‘ரன்’. தமிழ்ப் பேச்சிலேயே இரண்டையும் தினமும் புழங்குகிறோம். ஆனால் ஆங்கிலச் செய்தியிலோ ஆபீஸ் மெயிலிலோ வரும்போது சில சமயம் தலையும் புரியாது, வாலும் புரியாது. இவற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் கொண்ட சொல் எது? செட்டா, ரன்னா?

பொது அறிவுப் புத்தகங்களில் ‘செட்’ என்று இருக்கும். இப்போதைய பதில் ‘ரன்’. இரண்டுக்குமே காரணம் உண்டு.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்தான். தனி வினையாக மட்டும் 430 அர்த்தங்கள். ‘செட் அப்’, ‘செட் ஆஃப்’ போன்ற கூட்டுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 580. விளக்கத்துக்கு மட்டும் 60,000 சொற்கள். அதாவது ஒரு சொல்லுக்கு ஒரு சிறு நாவல் அளவு விளக்கம்.

பிறகு அகராதியைத் திருத்தும் வேலை தொடங்கியது. அதை ‘ஏ’யிலிருந்து தொடங்காமல் ‘எம்’ எழுத்திலிருந்து தொடங்கினார்கள். அதனால் 2000-ல் ‘மேக்’ முதலிடத்துக்கு வந்தது, 2007-ல் ‘புட்’ அதை முந்தியது, 2011-ல் ‘ரன்’ 645 அர்த்தங்களோடு எல்லாவற்றையும் முந்தியது. ‘ரன்’ பதிவைத் திருத்திய பீட்டர் கில்லிவருக்கு அந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதம் பிடித்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ரன்’னின் கணக்கு 2011-ல் புதிதாக எண்ணியது. ‘செட்’டின் 430 என்பது 1989 பதிப்பில் இருந்தாலும், அந்தப் பதிவின் பெரும்பகுதி 1928-ல் முடிந்த முதல் பதிப்புக்காக எழுதப்பட்டது. பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் வைத்து யார் ஜெயித்தார் என்று கேட்பது நியாயமில்லை. வினாடி வினாவில் கேட்டால் ‘ரன்’ என்று சொல்லி மார்க் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இந்தப் போட்டியில் ஒன்றுமில்லை.

645 அர்த்தமும் நிஜமாகவே வேறு வேறா?

இல்லை. அகராதிக்காரர் நுணுக்கமாகப் பிரிப்பார். ஆறு ஓடுவது ஒன்று, குழாயில் தண்ணீர் ஓடுவது இன்னொன்று, மூக்கு ஓடுவது மூன்றாவது, துணியிலிருந்து சாயம் ஓடுவது நான்காவது. நமக்கு இவை நான்கும் ‘திரவம் நகர்கிறது’ என்ற ஒரே விஷயம்தான். எங்கே கோடு போடுவது என்பதில் அகராதிக்கு அகராதி வேறுபாடு உண்டு. மாணவர்களுக்கான அகராதியில் இதே ‘ரன்’னுக்கு முப்பது நாற்பது அர்த்தம்தான் இருக்கும். பேச்சுக்கும் படிப்புக்கும் அது தாராளம்.

சரி, செட்டின் அடிப்படை அர்த்தம் என்ன?

உட்கார வைப்பது. பழைய ஆங்கிலத்தில் ‘சிட்டன்’ என்றால் உட்கார்வது, ‘செட்டன்’ என்றால் உட்கார வைப்பது. இன்றைய ‘சிட்’டும் ‘செட்’டும் அவற்றின் வாரிசுகள். தமிழ் தெரிந்தவருக்கு இது புதிய சங்கதி இல்லை: இரு, இருத்து, நட, நடத்து, ஓடு, ஓட்டு. தானே செய்வது ஒன்று, செய்ய வைப்பது இன்னொன்று. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட ஜோடிகள் சிலவே மிஞ்சியிருக்கின்றன. ‘ரைஸ்’ (எழு), ‘ரெய்ஸ்’ (எழுப்பு) ஒன்று. ‘லை’ (கிட), ‘லே’ (கிடத்து) இன்னொன்று. கடைசி ஜோடியில் ஆங்கிலேயர்களே அடிக்கடி சறுக்குவார்கள்.

ஆக ‘செட்’ என்றால் இருத்து: ஒன்றை அதற்குரிய இடத்தில், அசையாதபடி வைப்பது. தட்டு, டம்ளரை மேசையில் ஒழுங்காக வைத்தால் ‘செட் தி டேபிள்’. அலாரத்தை ஐந்து மணியில் நிறுத்தினால் ‘செட் தி அலாரம்’. மோதிரத்தில் கல் பதித்தால் ‘செட்’. விலையை, தேதியை முடிவுசெய்தால் ‘செட் தி பிரைஸ்’, ‘செட் எ டேட்’. கண்ணுக்குத் தெரியும் பொருளோ, தெரியாத தேதியோ, எதுவானாலும் ஓர் இடத்தில் இருத்துகிறோம்.

சூரியன் மறைவதும் செட், சிமெண்ட் இறுகுவதும் செட். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் ‘அமர்தல்’. சூரியன் அடிவானத்தில் போய் அமர்கிறது. சிமெண்ட் குழம்பாக இருந்த நிலை போய், அசையாமல் அமர்ந்துவிடுகிறது. இங்கே ‘செட்’ செய்ய வைக்கும் வினையாக இல்லாமல், தானாக நடப்பதைச் சொல்லும் வினையாக மாறிவிட்டது.

தமிழில் இந்தக் குடும்பத்துக்கு ஒரே சொல் கிடையாது. சூரியன் மறையும், சிமெண்ட் இறுகும், தயிர் தோயும், உடைந்த எலும்பு கூடும். ஆங்கிலத்தில் நான்குக்கும் ‘செட்’தான். தயிர் கப்பின் மேல் ‘செட் கர்ட்’ என்று அச்சடித்திருப்பதும் இந்தச் ‘செட்’தான்: அந்தக் கப்பிலேயே தோய வைத்தது, கலக்காதது என்று பொருள்.

கட்டட வேலையில் இதற்கு அளவே உண்டு. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர விதிப்படி முதல் ‘செட்டிங்’ 30 நிமிடத்துக்கு முன் தொடங்கக் கூடாது. கடைசிச் ‘செட்டிங்’ 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ‘கலவை செட் ஆயிடும், சீக்கிரம் போடு’ என்று கொத்தனார் சொல்வது அகராதிப்படியும் சுத்தமான ஆங்கிலப் பிரயோகம். ஆனால் ‘செட்’ ஆவது வேறு, ‘ஹார்டன்’ ஆவது வேறு. முதலாவதில் கலவை இளக்கம் போய்விடும். பலம் ஏறுவது அதற்கப்புறம் நாள்கணக்கில் நடக்கும். அதனால்தான் ‘செட்’ ஆன பிறகும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

டீ கப் செட், செட் தோசை, நண்பர்கள் செட்… இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

அது வேறு வம்சம். ‘ஒன்றாகச் சேர்ந்தவை’ என்ற பொருளில் வரும் ‘செட்’ என்ற பெயர்ச்சொல்லின் ஒரு வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. அதற்கும் மூலம் லத்தீனில் ‘செக்டா’. ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்று அர்த்தம். மதப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். உட்கார வைக்கும் ‘செட்’டும் கூட்டமான ‘செட்’டும் ஒரே மாதிரி ஒலித்ததால் நாளடைவில் ஒன்றோடொன்று கலந்துபோயின. எனவே ‘செட் தோசை’யில் இருப்பது ஒன்றாக வரும் தோசைகளின் கூட்டம்; கல்லில் ‘செட்’ ஆன தோசை இல்லை. ‘அவன் எங்க செட்’ என்று கல்லூரியில் சொல்கிறோமே, அது மூல அர்த்தத்துக்கு ரொம்பவே கிட்டத்தில் இருக்கிறது.

கணக்குப் பாடத்தில் வரும் செட்?

அதுவும் இந்தக் கூட்டம்தான். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘கணம்’, இலங்கைப் பாடநூலில் ‘தொடை’. ஜெர்மன் கணிதவியலாளர் ஜார்ஜ் காண்டர் 1874-ல் வெளியிட்ட கட்டுரையோடு இந்தத் துறை தொடங்கியதாகச் சொல்வார்கள்.

ரன் என்பதை ‘ஓடு’ என்று வைத்துக்கொண்டால் போதுமா?

முக்கால்வாசி போதும். ‘ரன்’ விஷயத்தில் தமிழர்களுக்குப் பிறவி அனுகூலம் உண்டு. ஆறு ஓடுகிறது, ரயில் ஓடுகிறது, மெஷின் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, கடை நன்றாக ஓடுகிறது, படம் 100 நாள் ஓடியது. ஆறிலும் ‘ரன்’ அப்படியே பொருந்தும். கால் இல்லாத பொருளெல்லாம் எப்படி ஓடும் என்று நமக்குச் சந்தேகமே வராது. தமிழும் ஆங்கிலமும் தனித்தனியாக ஒரே வழியில் யோசித்திருக்கின்றன: நிற்காமல் போய்க்கொண்டிருப்பது எல்லாம் ஓட்டம்.

அதனால்தான் சொல்கிறேன், நம்மவர்களுக்கு ‘ரன்’ சுலபம், ‘செட்’தான் கஷ்டம். அகராதியில் ‘ரன்’னுக்கு அர்த்தம் அதிகமாக இருக்கலாம். ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க ‘ஓடு’ என்ற ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது. ‘செட்’டுக்கு அப்படி ஒன்று இல்லை. வை, பதி, நிர்ணயி, மறை, இறுகு, தோய், அமை என்று பத்துச் சொற்களில் சிதறிக் கிடக்கிறது.

எந்த இடங்களில் ‘ஓடு’ காலை வாரிவிடும்?

இரண்டு பக்கமும் வாரும். தமிழில் ஓடும், ஆங்கிலத்தில் ஓடாது என்று சில உண்டு. ‘தியேட்டர்ல என்ன படம் ஓடுது?’ என்பதை ‘வாட் ஃபிலிம் இஸ் ரன்னிங்?’ என்று நம்மூரில் கேட்கிறோம். வெளியே ‘வாட்ஸ் ஆன்?’, ‘வாட்ஸ் ஷோயிங்?’ என்பார்கள். ‘எனக்கு ஒண்ணும் ஓடல’ என்றால் யோசனை வரவில்லை என்று அர்த்தம். அங்கே ‘ரன்’ வரவே வராது. ‘நேரம் ஓடிப்போச்சு’ என்பதற்கு நேரம் பறந்ததாகச் சொல்வார்கள். ஆனால் நேரம் தீரப்போகிறது என்றால் உடனே ‘ரன்’ வந்துவிடும்: ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’.

ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் ஓடாது என்பவை இன்னும் அதிகம். காய்ச்சல் அடித்தால் ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’. குளியல் தொட்டியில் குளிக்கத் தண்ணீர் பிடித்தால் ‘ரன் எ பாத்’. பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டால் ‘ரன் எ ஸ்டோரி’. காலுறையில் நூல் பிரிந்து நீளமாகக் கோடு விழுந்தால் அமெரிக்காவில் அதுவும் ‘ரன்’. இங்கிலாந்தில் அதை ‘லேடர்’ என்கிறார்கள். தேர்தலில் நிற்பதற்கு அமெரிக்கர்கள் ‘ரன்’ என்கிறார்கள், ஆங்கிலேயர்கள் நம்மைப் போலவே ‘ஸ்டாண்ட்’ என்கிறார்கள். ஒரே தேர்தல், ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார்.

அப்புறம் அந்த மூக்கு. ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ சரி. ஆனால் ‘ரன்னிங் நோஸ்’ என்பது இந்திய ஆங்கிலம். மற்ற இடங்களில் ‘ரன்னி நோஸ்’.

‘ஷி ரன்ஸ் எ கம்பெனி’ என்றால் கம்பெனிக்குள் ஓடுகிறாளா?

ஓட்டுகிறாள், அதாவது நடத்துகிறாள். பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கு ஒரு சொல், ஓட்டுவதற்கு வேறொரு சொல் இருந்தது. காலப்போக்கில் இரண்டும் ஒரே ‘ரன்’னாகச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்தச் சொல்லைப் பார்த்ததும் இது ‘ஓடு’வா, ‘ஓட்டு’வா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு பொருள் செயப்படுபொருளாக இருந்தால் பெரும்பாலும் ‘ஓட்டு’. ‘தி பஸ் ரன்ஸ்’ ஓடு. ‘ஹி ரன்ஸ் எ பஸ் சர்வீஸ்’ ஓட்டு.

‘மேனேஜ்’ என்பதற்கும் இதற்கும் சின்ன வித்தியாசம் உண்டு. ‘ரன்’ என்றால் கடைசி முடிவு அவர் கையில் என்ற தொனி இருக்கும். மேனேஜர் மேனேஜ் பண்ணலாம். கம்பெனியை ‘ரன்’ பண்ணுவது முதலாளியம்மாவாக இருக்கலாம்.

கம்ப்யூட்டரில் ஏன் புரோகிராமை ரன் செய்கிறோம்?

இயந்திரங்கள் வந்த பிறகுதான் ‘ரன்’னுக்கு இவ்வளவு கிளை. ரயில் ஓடியது, ஆலை ஓடியது, மோட்டார் ஓடியது, அதே வழியில் புரோகிராமும் ஓடுகிறது. ‘ரன்’ முந்தியதற்கு இதுதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. பாதி உண்மை. ‘செட்’டும் கம்ப்யூட்டரில் சும்மா இருக்கவில்லை, போனில் ‘செட்டிங்ஸ்’ திறக்காத நாள் ஏது? நாம் முன்கூட்டி இருத்தி வைப்பவை அங்கே இருக்கின்றன. அவற்றின்படி மற்றதெல்லாம் ஓடுகிறது.

‘இந்த வேலை எனக்கு செட் ஆகல’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

‘செட்’டைத் தவிர வேறு எதை வைத்தும் சொல்லலாம். ‘ஒத்துவரவில்லை’ என்ற அர்த்தம் தமிழ்ப் பேச்சு ‘செட்’டுக்குக் கொடுத்தது. அந்த ஜோடி செட் ஆகாது, எனக்கு சென்னை செட் ஆகல, இந்தக் கலர் உனக்கு செட் ஆகுது என்று பேசுவது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘திஸ் ஜாப் டஸ் நாட் செட் ஃபார் மீ’ என்றால் வெளியூர்க்காரர் விழிப்பார். வேலைக்கும் நிறத்துக்கும் ‘சூட்’. சட்டை அளவுக்கு ‘ஃபிட்’. பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்த ‘மேட்ச்’. இருவருக்குள் ஒத்துவரவில்லை என்றால் ‘தே டோன்ட் கெட் அலாங்’. இன்டர்வியூவில் முந்தைய வேலையை விட்ட காரணம் கேட்கும்போது இந்தச் ‘செட்’ வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரன் அவுட் ஆவதில் எத்தனை வகை?

நான்கு வாக்கியம் பார்ப்போம்.

‘ஹி வாஸ் ரன் அவுட்.’ கிரிக்கெட். கிரீசுக்குள் வருவதற்குள் ஸ்டம்பைத் தட்டிவிட்டார்கள்.

‘ஹி ரான் அவுட்.’ வெளியே ஓடினான். கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

‘தி மில்க் ஹாஸ் ரன் அவுட்.’ பால் தீர்ந்துவிட்டது. இதையே ஆளை முன்வைத்தும் சொல்லலாம்: ‘வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. ‘ஆஃப்’ வந்தால் தீர்ந்துபோன பொருள் பின்னால் வரும். பாலை முன்னால் போட்டுவிட்டு ‘ஆஃப்’பையும் சேர்த்தால் வாக்கியம் குழம்பிவிடும்.

‘தி லீஸ் ரன்ஸ் அவுட் இன் ஜூன்.’ குத்தகைக் காலம் ஜூனில் முடிகிறது. பால் தீர்வதும் குத்தகை தீர்வதும் நமக்கும் ஒரே ‘தீர்’தான்.

கடன் கொடுத்தவர் ‘மை பேஷன்ஸ் இஸ் ரன்னிங் அவுட்’ என்று மெயில் போட்டால், பொறுமை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த மெயிலுக்கு அன்றைக்கே பதில் போடுவது உத்தமம்.

செட் ஆஃப்?

இது இன்னும் வம்பு. காலையில் திருச்சிக்குக் கிளம்பினால் ‘செட் ஆஃப்’. பட்டாசைப் பற்ற வைத்தாலும், திருடன் கதவைத் தொட்டு அலாரம் அலறினாலும் ‘செட் ஆஃப்’. கறுப்புப் புடவைக்குத் தங்க ஜரிகை எடுப்பாக இருந்தால், ஜரிகை புடவையை ‘செட் ஆஃப்’ செய்கிறது. வருமான வரிக் கணக்கில், ஓரிடத்தில் வந்த நட்டத்தை இன்னோர் இடத்து லாபத்தில் கழித்துக்கொண்டால் அதற்கும் ‘செட் ஆஃப்’ என்றுதான் பெயர். எந்த நட்டத்தை எதில் கழிக்கலாம் என்பதற்கு விதிமுறை உண்டு. ஆடிட்டர் வாயில் இந்தச் சொல் அடிக்கடி வரும்.

கவனிக்க வேண்டியது ஒன்று: அலாரம் ‘வைப்பது’ ‘செட்’, அலாரத்தை ‘அலறவிடுவது’ ‘செட் ஆஃப்’. ‘ஐ செட் தி அலாரம்’ என்றால் பொறுப்பான ஆள். ‘ஐ செட் ஆஃப் தி அலாரம்’ என்றால் கட்டடத்தில் எல்லாரையும் வெளியே ஓட வைத்த ஆள்.

செட்டப் என்றாலே தமிழில் ஏன் தப்பாகத் தெரிகிறது?

ஆங்கிலத்திலும் அந்த வாடை உண்டு. வினையாக ‘செட் அப்’ என்று பிரித்து எழுதினால் அமைப்பது, நிறுவுவது: கடை திறந்தாலும் ஒலிபெருக்கி கட்டினாலும் இதுதான். பெயர்ச்சொல்லாகச் சேர்த்து எழுதினால் அமைப்பு, ஏற்பாடு. ஆனால் ‘இட் வாஸ் எ செட்டப்’ என்றால், திட்டமிட்டு மாட்டிவிட்டார்கள் என்று பொருள். தமிழ்ப் பேச்சு அந்த இருட்டுப் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. அதனால் வெளிநாட்டு வாடிக்கையாளர் ‘நைஸ் செட்டப்’ என்றால் கோபப்பட வேண்டாம், உங்கள் ஆபீஸ் நன்றாக இருக்கிறது என்கிறார்.

கோர்ட் செய்திகளில் இரண்டும் வருகிறதே?

வரும். அங்கே தப்பாகப் புரிந்துகொண்டால் செய்தியே தலைகீழாகிவிடும். ‘தி ஹைகோர்ட் செட் அசைட் தி ஆர்டர்’ என்றால் உத்தரவை ஒதுக்கி வைத்ததோ, பிறகு பார்க்கலாம் என்று ஓரம் கட்டியதோ அல்ல, ரத்து செய்துவிட்டது. வீட்டுச் செலவுக்குப் பணத்தை ‘செட் அசைட்’ செய்தால்தான் ஒதுக்கி வைப்பது.

‘தி சென்டன்ஸஸ் வில் ரன் கன்கரன்ட்லி’ என்பது இன்னொன்று. ஒருவருக்கு 3 ஆண்டும் 5 ஆண்டும் என இரண்டு தண்டனை இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். 5 ஆண்டில் முடிந்துவிடும். ‘கன்செக்யூட்டிவ்லி’ என்றால் ஒன்றன்பின் ஒன்று, 8 ஆண்டு. நம் நாளிதழ்கள் ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று எழுதுவது முதலாவதை.

‘மான்சூன் ஹாஸ் செட் இன்’ என்பதில் மழை எதை செட் செய்கிறது?

எதையும் இல்லை. வந்து நிலைகொண்டுவிட்டது, இனிச் சில காலம் போகாது என்று அர்த்தம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் வழக்கமாகத் தொடங்கும் தேதி ஜூன் 1. அதற்கு முன் நாலு தூறல் போட்டால் ‘செட் இன்’ ஆகாது. மழைமானி நிலையங்களில் பதிவாகும் மழை, காற்றின் திசை இவற்றையெல்லாம் பார்த்த பிறகே வானிலைத் துறை அறிவிக்கும். குளிர், சோர்வு, தொற்று, அழுகல் ஆகியவற்றுக்கும் ‘செட் இன்’ வரும். பெரும்பாலும் வேண்டாத விருந்தாளிகள்தான். மகிழ்ச்சி ‘செட் இன்’ ஆனது என்று யாரும் எழுதுவதில்லை.

பேங்க் ரன் என்றால் வங்கியை நடத்துவதா?

நேர் எதிர். வங்கி மூழ்கப்போகிறது என்ற பயத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் பணத்தை எடுக்க ஓடுவது. 2023 மார்ச் 9-ம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்கில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாள் வங்கியை மூடிவிட்டார்கள். யாரும் காலால் ஓடவில்லை, பெரும்பாலும் போனிலும் கம்ப்யூட்டரிலும்தான் நடந்தது. ஆனாலும் பெயர் ‘ரன்’.

கிரிக்கெட்டில் செட் பேட்ஸ்மேன் என்கிறார்களே?

பந்தின் வேகமும் எழும்பலும் கண்ணுக்குப் பழகி, ஆடுகளத்தில் அமர்ந்துவிட்டவர். பழைய ‘உட்கார வைத்தல்’ அர்த்தம் இங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது. அவர் அடிப்பது ‘ரன்’, பந்து போடுபவர் ஓடிவருவது ‘ரன் அப்’, ஓவருக்கு எவ்வளவு என்பது ‘ரன் ரேட்’. செட் ஆன பேட்ஸ்மேன் ரன் அவுட் ஆவதைப் போன்ற எரிச்சல் கிரிக்கெட்டில் வேறில்லை என்பது என் கட்சி. டென்னிஸ், வாலிபாலில் வரும் ‘செட்’ ஆட்டத்தின் ஒரு பகுதி. வாலிபாலில் 25 புள்ளி, ஐந்தாவது செட் மட்டும் 15.

ஒரே சொல்லோடு இரண்டும் சேருமா?

சேரும், அர்த்தம் மாறும். ‘செட் எ டெஸ்ட்’ என்றால் ஆசிரியர் கேள்வித்தாள் தயாரிக்கிறார். ‘ரன் எ டெஸ்ட்’ என்றால் லேபில் பரிசோதனை செய்கிறார்கள். ‘செட் எ கோர்ஸ்’ என்றால் மாலுமி கப்பலின் திசையைத் தீர்மானிக்கிறார். ‘ரன் எ கோர்ஸ்’ என்றால் பயிற்சி மையம் வகுப்பு நடத்துகிறது. சளிக்கு டாக்டர் ‘லெட் இட் ரன் இட்ஸ் கோர்ஸ்’ என்றால் அது தன் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும், மாத்திரை வேண்டாம் என்று பொருள். இருத்துவதா, ஓடவிடுவதா என்று பார்த்தால் எல்லாம் பிடிபடும்.

காலம் மாறும்போது சொல் எப்படி மாறும்?

‘ரன், ரான், ரன்’. மூன்றாவதும் ‘ரன்’ என்பதால் ‘ஐ ஹாவ் ரான்’ தவறு, ‘ஐ ஹாவ் ரன்’ சரி. ‘செட்’ மூன்றிலும் ‘செட்’. ‘செட்டட்’ என்று ஒன்று கிடையாது. அப்படியானால் ‘ஷி செட் தி டேபிள்’ இன்றா நேற்றா? ‘ஷி’, ‘ஹி’ பக்கத்தில் ‘எஸ்’ இல்லாவிட்டால் நேற்று. ‘ஷி செட்ஸ்’ என்றால் வழக்கமாகச் செய்வது. ‘தே செட்’ என்று மட்டும் இருந்தால் முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தமிழில் இப்படிப் பல வேலை பார்க்கும் சொற்கள் இல்லையா?

ஏன் இல்லை? ‘போடு’ ஒன்று போதும். சட்டை போடு, டீ போடு, கோலம் போடு, ஊசி போடு, கையெழுத்துப் போடு, ஓட்டுப் போடு, வழக்குப் போடு, சண்டை போடு, ஒரு தூக்கம் போடு. ‘அடி’யும் சளைத்ததல்ல: வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, பெயிண்ட் அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம், பழனியில் மொட்டை அடிக்கிறோம், லாட்டரியும் அடிக்கிறது. தமிழ் கற்க வரும் ஆங்கிலேயர், இதில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இதையெல்லாம் எப்படிப் படிப்பது? பட்டியலை மனப்பாடம் செய்யலாமா?

வேண்டாம். பட்டியல் பரீட்சை வரைக்கும் தாங்காது. பக்கத்தில் நிற்கும் சொல்லோடு சேர்த்தே பழகுங்கள். ‘செட்’ என்று தனியாகக் குறித்து வைக்காமல் ‘செட் எ ரெக்கார்ட்’, ‘செட் ஃபயர் டு’, ‘செட் ஃப்ரீ’ என்று முழுசாகக் குறித்துக்கொள்ளுங்கள். அகராதியில் தேடும்போதும் ‘ரன்’ பக்கத்தை மேலிருந்து கீழே படித்துக் களைத்துப்போகாமல், பின்னால் ‘இன்டு’, ‘ஓவர்’, ‘அப்’, ‘த்ரூ’ என ஏதாவது வால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பெரும்பாலான அகராதிகளில் அதற்குப் பதிவின் கடைசியில் தனிப் பகுதி இருக்கும். ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏறுவது. ‘ஐ ரான் இன்டு மை டீச்சர்’ என்று எழுத நினைத்து ‘இன்டு’வுக்குப் பதில் ‘ஓவர்’ போட்டுவிட்டால் போலீஸ் வரும்.